குறும்படம் எடுக்கப் போகிறீர்களா? எந்த ஷாட், எந்த ஆங்கிள் என்று முடிவு செய்வது எப்படி?

வார நாட்களில் அலுவலகம், வார இறுதியில் சினிமா வகுப்பு. கோர்ஸ் முடிவதற்குள் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். நண்பரின் வீடு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்திருக்கிறது. கேமராவும் ஒரு நாள் வாடகைதான். நடிக்க வருபவர்கள் காசு வாங்காமல், உங்களுக்காக வருபவர்கள். காலையில் இருந்து இரவு வரை ஓடி ஓடி எடுத்தாச்சு. ஒவ்வொரு ஷாட்டையும் தனியாகப் பார்த்தால் அழகாத்தான் இருக்கு.

ஆனால், எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் காட்சி நிற்க மறுக்கிறது. ஒரு முகம் வேண்டிய இடத்தில் ஆடும் ஜன்னல் திரை இருக்கிறது. பேசிக்கொள்ளும் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். முக்கியமான வசனம் வரும்போது கேமரா அறையின் மறுகோடியில் நிற்கிறது. மறுபடியும் எடுக்கலாம் என்றால் வீடும் இல்லை, கேமராவும் இல்லை.

முதல் படம் எடுக்கும் பலருக்கும் நேர்வது இது. காரணம் பெரும்பாலும் கேமராவின் விலையோ லென்ஸின் தரமோ அல்ல. 'இந்த நொடியில் பார்வையாளர் எங்கே நிற்க வேண்டும்?' என்ற கேள்வியை ஷூட்டிங்குக்கு முன்பு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடுவது என்று பார்ப்போம்.

நம்முடைய காட்சி

மகனுக்கு வேலை போய்விட்டது. தினமும் இரவு 8 மணிக்கு வருபவன், இன்று மாலை 4 மணிக்கே வீட்டுக்கு வருகிறான். அப்பா ஜன்னல் ஓரம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா, சீக்கிரம் வந்துட்ட?"

"தலைவலிப்பா."

அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. எழுந்து போய் காபி போடுகிறார். மகன் கட்டிலில் உட்கார்கிறான். அப்பா டம்ளரைக் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை எடுக்கிறார். பிறகு சொல்கிறார்: "காலைல அலாரம் வைக்க வேணாம். தூங்கு."

அவ்வளவுதான். இரண்டு பேர், ஒரு அறை, சுமார் ஒன்றரை நிமிடம்.

காட்சி எங்கே திரும்புகிறது?

ஷாட்டைப் பற்றி யோசிக்கும் முன், ஸ்கிரிப்டில் ஒரு கோடு போடுங்கள். காட்சி எந்த இடத்தில் மாறுகிறது? இங்கே அந்த இடம் 'அலாரம்' வசனம். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று மகனுக்கு அப்போதுதான் புரிகிறது.

அடுத்த கேள்வி: அந்த நொடி யாருடையது? பேசுபவர் அப்பா என்பதால் அவர் முகத்தில்தான் கேமரா இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால், உள்ளுக்குள் ஏதோ உடைவது மகனுக்கு. எனவே அப்பாவின் குரல் ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து வரட்டும், நாம் மகனின் முகத்தைப் பார்ப்போம். பேசுபவரைக் காட்டுவதைவிடக் கேட்பவரைக் காட்டுவதில்தான் பல காட்சிகளின் உயிர் இருக்கிறது.

இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால், மற்ற ஷாட்கள் எல்லாம் அந்த இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்ற கணக்காக மாறிவிடும்.

ஷாட் சைஸ்: எவ்வளவு அருகில் போகலாம்?

வைட் ஷாட் மனிதர்களையும் அவர்கள் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் காட்டும். இடுப்புக்கு மேல் காட்டும் மிட் ஷாட், எதிரில் உட்கார்ந்து பேசுபவரை நாம் பார்க்கும் தூரம். க்ளோஸ்-அப் என்பது வாழ்க்கையில் நமக்கு மிக நெருக்கமானவர்களை மட்டுமே பார்க்கும் தூரம். அதனால்தான் அதற்கு அவ்வளவு வலிமை.

முதல் படத்தில் நடக்கும் பெரிய செலவு பணம் அல்ல, க்ளோஸ-அப்தான். 'தலைவலிப்பா' என்ற வசனத்துக்கே மகன் முகத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால், 'அலாரம்' வரும்போது போவதற்கு இடமே மிச்சம் இருக்காது. முன்பாதியில் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். மிக அருகில் போவதைக் கடைசி வரை சேமித்து வையுங்கள்.

தூரமே கதை சொல்லும் என்பதற்கு சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) நல்ல பாடம். பெரிய வீட்டில் பொழுது போகாமல் தனியாக இருக்கும் சாரு, ஜன்னல் ஜன்னலாகப் போய், கைப்பிடி வைத்த சிறிய தொலைநோக்கியால் தெருவில் போகிறவர்களை வேடிக்கை பார்க்கிறாள். பிறகு புத்தகத்தில் மூழ்கியபடி கணவன் அவளைக் கடந்து போகிறான், அவளைக் கவனிக்கவே இல்லை. அவள் அதே தொலைநோக்கியை உயர்த்தி அவனையும் பார்க்கிறாள். சொந்தக் கணவனும் தெருவில் போகும் ஒருவனைப் போலத்தான் தெரிகிறான். அவள் கையைத் தாழ்த்தும்போது கேமரா சட்டென்று பின்வாங்கி, அவளைத் தனியே விட்டுவிடுகிறது. ஒரு வசனம் கிடையாது. அந்தத் திருமணத்தின் நிலை நமக்குப் புரிந்துவிடுகிறது.

வைட் ஷாட்டை 'இடத்தைக் காட்டும் ஷாட்' என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தில் வறண்ட நிலத்தின் நடுவே அப்பாவும் மகனும் சின்னப் புள்ளிகளாக நடக்கும் ஷாட்கள்தான், அந்த வெயிலையும் அவர்களுக்கு இடையே உள்ள கசப்பையும் சொல்கின்றன. 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் உயரிய டைகர் விருதை வென்ற படம் அது.

ஆங்கிள்: கேமராவின் உயரம் என்ன சொல்கிறது?

'லோ ஆங்கிள் வைத்தால் கெத்து, டாப் ஆங்கிள் வைத்தால் பாவம்.' பலரும் முதலில் கற்றுக்கொள்ளும் சூத்திரம் இது. பாதி உண்மை.

'ஷோலே' (1975) படத்தில் கப்பர் சிங் அறிமுகமாகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் முகம் தெரியாது. பாறைமீது நடக்கும் பூட்ஸ் கால்கள், இழுபட்டுக்கொண்டே வரும் பெல்ட், அந்தச் சத்தம். அங்கே பயத்தைக் கொடுப்பது கேமராவின் உயரம் மட்டுமல்ல. முகத்தைக் காட்டாமல் தள்ளிப்போடுவதும் அதே அளவு வேலை செய்கிறது. ஆங்கிள் என்பது எதைக் காட்டுகிறோம் என்பதோடு எதை மறைக்கிறோம் என்பதும்தான்.

நம் காட்சியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அப்பா உட்கார்ந்திருக்கிறார், மகன் வாசலில் நிற்கிறான். அப்பாவின் கண் உயரத்தில் கேமராவை வைத்து மகனைப் பார்த்தால், அது தானாகவே லோ ஆங்கிள் ஆகிவிடும். உள்ளே நொறுங்கிப்போய் வந்திருப்பவன் திரையில் ஓங்கி நிற்பான். சூத்திரப்படி இது தப்பு. ஆனால் காட்சிப்படி யோசித்தால், 'பெரிய ஆள் போல நின்று பொய் சொல்கிறான்' என்ற அர்த்தமும் இதில் கிடைக்கிறது. அந்த அர்த்தம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் கேமராவை மகனின் கண் உயரத்துக்கு ஏற்றிவிடலாம். இரண்டும் சரிதான். யோசிக்காமல் ட்ரைபாட் எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்தில் எடுப்பது மட்டும்தான் தவறு.

பிறகு மகன் கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவும் நாற்காலிக்குத் திரும்பியதும் இருவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. கேமராவும் அந்த உயரத்துக்கு இறங்கட்டும். யாரும் மேலே இல்லை, யாரும் கீழே இல்லை. அப்பாவின் கருணை அப்போது பிச்சை போலத் தெரியாது.

இது வெறும் டெக்னிக் விஷயம் இல்லை. ஏழைகளையும் முதியவர்களையும் வேலை இழந்தவர்களையும் காட்டும் மாணவர் படங்களில் கேமரா அடிக்கடி மேலே ஏறி நின்று பரிதாபப்படுகிறது. அந்த மனிதர் தன் வாழ்க்கையை அந்த உயரத்திலிருந்து பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் அவருடைய கண் உயரத்திலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து மேலேயோ கீழேயோ போக ஒரு காரணம் கிடைத்தால் மட்டும் போங்கள்.

ஜூம் பண்ணலாமா, பக்கத்தில் போகலாமா?

போனில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 0.5 லென்ஸை வைத்து முகத்துக்கு மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஓடிவிடும். லென்ஸ்மீது பழி போடுகிறோம், ஆனால் முகத்தின் அமைப்பை மாற்றுவது உண்மையில் கேமராவுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம்தான். சில அடிகள் பின்னால் போய், போனில் தனி டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முகம் இயல்பாக இருக்கும். பின்னணியும் முகத்தோடு நெருங்கி வந்ததுபோலத் தெரியும்.

கேமரா வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு 35 எம்.எம்., 50 எம்.எம்., 85 எம்.எம். என்று மூன்று லென்ஸ்கள் ஒரு வீட்டுக் காட்சிக்குத் தாராளம். சின்ன அறை என்றால் 85 வைக்கப் பின்னால் நகர இடம் இருக்கிறதா என்பதை முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். சுவர் தடுக்கும்போதுதான் பலருக்கும் இது ஞாபகம் வருகிறது.

கேமரா எப்போது நகர வேண்டும்?

கிம்பல் வாடகைக்கு எடுத்துவிட்டோம் என்பது ஒரு காரணம் ஆகாது. கேமரா நகர்ந்தால் 'ஏதோ மாறுகிறது' என்று பார்வையாளர் எதிர்பார்ப்பார். எதுவுமே மாறாத இடத்தில் நகர்த்தினால், மாறும் இடத்தில் நகர்வதற்கு மதிப்பு போய்விடும்.

சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' (2014) மராத்தியப் படத்தைப் பாருங்கள். கேமரா பெரும்பாலும் அசையாமல், தள்ளி நின்று, நீதிமன்றம் நடப்பதைப் பொறுமையாகப் பார்க்கிறது. வழக்கு நகராத சலிப்பும் அந்த அமைப்பின் அலட்சியமும் அந்த அசையாமையில்தான் நமக்கு உறைக்கின்றன. ட்ரைபாட் மட்டும் கையில் இருக்கிறது என்று வருத்தப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல ஆறுதல் கிடையாது.

நம் காட்சியில் ஒரே ஒரு நகர்வு போதும். 'அலாரம்' வசனத்துக்குப் பிறகு மகன் முகத்தை நோக்கி மிக மெதுவாக ஒரு ட்ராலி. அதற்கு வசதி இல்லையென்றால் கேமராவை அசைக்காமல் விட்டுவிடலாம். குலுங்கும் ட்ராலியைவிட அசையாத ஃப்ரேம் எவ்வளவோ மேல்.

'லுக் மாறிடுச்சு' என்றால் என்ன?

ஷூட்டிங் ஸ்பாட்டில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்து, 180 டிகிரிக்குள் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். அப்படிச் செய்தால் மகன் எப்போதும் வலது பக்கம் பார்ப்பான், அப்பா இடது பக்கம் பார்ப்பார். வெட்டி ஒட்டும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதாகத் தெரியும்.

கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய் ஒருவரின் ஷாட்டை எடுத்தால், இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். ஒருவர் முதுகுடன் மற்றவர் பேசுவதுபோல இருக்கும். எடிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைச் சரிசெய்வது கஷ்டம்.

யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதில் குழப்பமே வராமல் இருக்க இன்னொரு வழி, சினிமாக்காரர்கள் 'சஜஷன்' என்று சொல்லும் ஷாட். ஒருவரின் தோளையோ காதோரத்தையோ ஃப்ரேமின் ஓரத்தில் வைத்து, அதைத் தாண்டி எதிரில் இருப்பவரைக் காட்டுவது. சஜஷன் வைத்தால் இருவரும் ஒரே உலகில் இருக்கிறார்கள். சஜஷன் இல்லாத தனி ஷாட்டில் ஒவ்வொருவரும் தனியாக இருக்கிறார்கள். பொய் சொல்லும்போது மகனைத் தனியாகக் காட்டுங்கள், உண்மை தெரிந்த பிறகு அப்பாவின் தோளோடு சேர்த்துக் காட்டுங்கள். ஒரு வசனத்தின் வேலையை அந்தத் தோள் செய்துவிடும்.

நடிப்பவர்கள் இடம் மாறினால் கோடும் மாறும். அப்பா சமையலறைக்குப் போய்த் திரும்பி வரும்போது பழைய கோடு செல்லாது. இருவரும் தெரியும் ஒரு ஷாட்டை நடுவில் வைத்துவிட்டால், பார்வையாளர் புதிய கோட்டைப் பழகிக்கொள்வார்.

இன்னொரு சின்ன விஷயம். ஒரே ஆளின் இரண்டு ஷாட்களை அடுத்தடுத்து ஒட்டுவதாக இருந்தால், கேமராவைக் குறைந்தது 30 டிகிரியாவது நகர்த்துங்கள், சைஸையும் மாற்றுங்கள். இல்லையென்றால் படம் ஓரிடத்தில் துள்ளியதுபோல இருக்கும்.

ஒரு நாளில் எத்தனை ஷாட் எடுக்க முடியும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமராவை இடம் மாற்றி, லைட் சரிசெய்து, ரிகர்சல் பார்த்து, மூன்று டேக் எடுக்க அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் 16 ஷாட் வரும். சாப்பாடு, மின்வெட்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் போக 12 மிஞ்சினால் அதிர்ஷ்டம். 40 ஷாட் எழுதிக்கொண்டு போனால், மாலையில் தவறிப்போவது பெரும்பாலும் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்த முக்கியமான ஷாட்தான்.

நம் காட்சிக்கு 7 ஷாட் போதும்:

1. வைட்: அறையின் மூலையிலிருந்து கதவு, நாற்காலி, ஜன்னல், கட்டில் எல்லாம் தெரியும்படி. முழுக் காட்சியும் ஒருமுறை இதில் ஓடட்டும்.
2. மகனின் மிட் ஷாட், வாசலில், தனியாக. 'தலைவலிப்பா.'
3. அப்பாவின் மிட் ஷாட், பேப்பருடன். கேள்வியும், அதன்பிறகு வரும் மௌனமும்.
4. மகனின் பார்வையில், சமையலறையில் நிற்கும் அப்பாவின் முதுகு.
5. டம்ளர் கைமாறும் க்ளோஸ்.
6. மகனின் முகம், அப்பாவின் தோள் சஜஷனில் தொடங்கி, மெல்ல நெருங்கி முகம் மட்டும். அப்பாவின் குரல் வெளியிலிருந்து.
7. முதல் ஷாட்டின் அதே இடத்திலிருந்து வைட். இப்போது இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் காபி குடிக்கிறார், ஒருவர் பேப்பர் படிக்கிறார்.

முதல் ஷாட்டும் கடைசி ஷாட்டும் ஒரே ஃப்ரேம். ஆனால் முதலில் அப்பா நாற்காலியிலும் மகன் வாசலிலும் இருந்தார்கள், இப்போது அருகருகே இருக்கிறார்கள். காட்சியில் என்ன நடந்தது என்பதை இந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

பட்டியலில் 1, 3, 6 ஆகிய மூன்றையும் சிவப்பு மையில் எழுதுங்கள். இவை இல்லாமல் காட்சி இல்லை. மற்றவை கிடைத்தால் நல்லது. நேரம் கைமீறும்போது எதை வெட்டுவது என்று அங்கே நின்று சண்டை போட வேண்டியிருக்காது.

எதை முதலில் எடுப்பது?

கதை வரிசையில் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை, வெளிச்சத்தின் வரிசையில் எடுங்கள். ஜன்னல் தெரியும் வைட் ஷாட்களுக்கு உண்மையான மாலை வெளிச்சம் வேண்டும், அதற்காக 3 மணி முதல் 5 மணி வரை ஒதுக்கிவிடுங்கள். ஜன்னல் தெரியாத க்ளோஸ்-அப்களைக் காலையிலேயே, திரையை இழுத்துவிட்டு, ஒரு லைட் வைத்து எடுத்துவிடலாம். பழக்கமில்லாத நடிகர்கள் களைப்படைவதற்கு முன்பே அந்த முக்கியமான முகம் கிடைத்துவிடும்.

லைட்டை நேராக முகத்தில் அடிக்காமல், ஒரு வெள்ளை வேட்டியில் பட்டுத் திரும்பி வரும்படி செய்யுங்கள். ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில், செட்டில் போட்ட காசி வீட்டு முற்றத்துக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செய்தது இதன் பெரிய வடிவம்தான். விரித்துக் கட்டிய வெள்ளைத் துணியில் விளக்கொளியைப் பட்டுத் திரும்ப வைத்து, நிழல் விழாத மென்மையான பகல் வெளிச்சத்தை அவர் உருவாக்கினார். அதற்கு முந்தைய 'பதேர் பாஞ்சாலி'யில் சேரும்போது அவருக்கு வயது 21, சினிமா கேமராவை அதுவரை அவர் இயக்கியதே இல்லை.

க்ளோஸை முன்பும் வைட்டைப் பின்பும் எடுப்பதில் ஒரு ஆபத்து உண்டு. காலையில் டம்ளர் வலது கையில் இருந்திருக்கும், மாலையில் இடது கைக்குப் போயிருக்கும். அதனால் முதல் வேலையாக முழுக் காட்சியையும் ஒருமுறை நடித்துப் பார்த்து போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். போன் கேமராவில் எடுப்பதாக இருந்தால் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் நடிகர் அசையும்போதெல்லாம் வெளிச்சம் கூடிக் குறையும். வீட்டைக் காலி செய்யும் முன் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி, அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒலி வெட்டும் இடங்களை மூட அது உதவும்.

ஷூட்டிங்குக்கு முந்தின வாரம் செய்ய வேண்டியது

ஒரு மாலை, உங்கள் வீட்டிலேயே இரண்டு பேரை உட்கார வைத்து, இந்தக் காட்சியைப் போனில் மூன்று விதமாக எடுத்துப் பாருங்கள். முதலில் ஒரே வைட் ஷாட்டில், வெட்டாமல். அடுத்து எல்லாமே க்ளோஸ்-அப்பில். மூன்றாவதாக மேலே சொன்ன 7 ஷாட்களில். மூன்றையும் சினிமா படிக்காத ஒருவரிடம், உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ போட்டுக் காட்டுங்கள். 'ஷாட் எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'அப்பாவுக்கு எப்போ தெரிஞ்சுது?' என்று மட்டும் கேளுங்கள்.

அவர் சரியான இடத்தைச் சொன்னால் கேமரா சரியான இடத்தில் நின்றிருக்கிறது. 'தெரிஞ்சுதா என்ன?' என்று திருப்பிக் கேட்டால் கவலைப்பட வேண்டாம். வாடகை மீட்டர் ஓடாத ஒரு நாளில், செலவே இல்லாமல், தவறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.